ஹஸ்ஸிலும் மஞ்சள் ஹெல்மெட்டும்

எங்கள் மேனேஜர் சுவரில் அந்த ஆங்கில வார்த்தையை ஒட்டிய அன்று எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. ராயபுரத்தில் ஏறினால் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. இறங்கிப் பிடித்த ஷேர் ஆட்டோக்காரன் என்னை ஒரு டேங்கர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த காற்றில் அழுகின முட்டை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தால், ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் 'ஹஸ்ஸில்' என்று ஒரு போஸ்டர். அதற்குக் கீழே சிங்கத்தின் படம். எதற்குச் சிங்கம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பகலெல்லாம் தூங்குகிற பிராணி அது.

நான் வேலை பார்ப்பது எண்ணூர் போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு. கப்பலில் வந்த பெட்டிகளைத் திறந்து, சரக்கை இறக்கி, ஷெட்டில் அடுக்கி, பிறகு லாரியில் ஏற்றி அனுப்புவோம். எனக்குக் கேட் பாஸ் மேசை. லாரியோ ஆளோ சரக்கோ, நான் சீட்டு கிழித்துக் கொடுத்தால்தான் உள்ளே வரலாம், வெளியே போகலாம். எங்கள் ஷெட்டில் நாங்கள் ஏழு பேர். சூப்பர்வைசர், சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க், மூன்று லோடுமேன்கள், சரக்கைத் தூக்கிவைக்கிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற தம்பி, அப்புறம் நான். யார்டில் பெயரைவிட டோக்கன் நம்பர்தான் புழக்கம். என் நம்பர் ஒன்பது. ஃபோர்க்லிஃப்ட் தம்பி பதினேழு.

ஞாயிற்றுக்கிழமையும் யார்டு ஓடும். ஏழு பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அன்று விடுப்பு, மற்றவர்களுக்கு வாரத்தில் வேறொரு நாள். செவ்வாய்க்கிழமை விடுப்பை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வாள்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், புருஷன் வேலையில், வீட்டில் நானும் துவைக்காத துணியும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருப்போம். ஞாயிறு கிடைத்தால்தான் அது விடுப்பு. அதற்காக முன்பு நடந்த ஒரு சண்டையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்குக் கால் போனது. அதற்குப் பிறகுதான் ஹெல்மெட் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் துண்டுத் தாளில் தன் நம்பரை எழுதி மடித்து, பட்டை அறுந்த ஒரு பழைய மஞ்சள் ஹெல்மெட்டில் போடுவோம். சூப்பர்வைசர் அதை நன்றாகக் குலுக்கி ஒரே ஒரு சீட்டை எடுப்பார். எடுத்த நம்பருக்கு ஞாயிறு விடுப்பு. மீதிச் சீட்டுகளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவை அப்படியே வாசலில் இருக்கும் டீக்கடை அடுப்புக்குப் போய்விடும். ஹெல்மெட் சொன்னால் சொன்னதுதான். சிபாரிசு கிடையாது, அழுதாலும் நடக்காது.

அந்த ஹெல்மெட்டுக்கும் எனக்கும் ஜென்மப் பகை. என் நம்பர் வரவே வராது. என் புருஷன் ஞாயிறு காலையில் காசிமேட்டுக்குப் போய் நல்ல கனமான நண்டாகப் பார்த்து வாங்கிவந்து அவரே குழம்பு வைப்பார். அந்த விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் சட்டியில் காலும் கொடுக்கும்தான் மிதந்துகொண்டிருக்கும். சதையெல்லாம் பிள்ளைகள் வயிற்றில். "உனக்குத்தான் சூப்பு வெச்சிக்கீறேன்" என்பார் அவர். சூப்பு. ஒரு முழு நண்டைச் சுடச்சுட உடைத்துத் தின்ன எனக்கு ஒரு ஞாயிறு வேண்டும் என்று நான் யார்டில் புலம்பாத நாள் இல்லை. லாரி டிரைவர்களுக்குக்கூட என் நண்டுக் கதை தெரியும்.

ஆனால் அந்த வாரம் என் நண்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் தம்பிக்குப் பெண் பார்க்கிற நாள்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது. கதவை அடைக்கிற உடம்பு, பெரிய மீசை, உள்ளே ஒரு வெட்கப்பட்ட குழந்தை. முட்டைத் தட்டைக் கொடுத்தால்கூட ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கையிலும் ஏந்தி உடையாமல் லாரியில் வைப்பான். ஆனால் யாராவது அவனிடம் நேரம் கேட்டால் கையை நீட்டி வாட்சைக் காட்டுவானே தவிர, வாய் திறந்து சொல்ல மாட்டான். அவனுடைய அக்கா அலைந்து திரிந்து இரண்டு இடம் பார்த்தாள். இரண்டு தடவையும் ஹெல்மெட் அவனுக்கு விடுப்புத் தரவில்லை. பெண் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டார்கள். மூன்றாவதாக நெட்டுக்குப்பத்தில் ஒரு பெண். எண்ணூர் மார்க்கெட்டில் சொந்தமாக மீன் கடை போட்டு நடத்துகிறவள். அவளே சொல்லி அனுப்பியிருந்தாள், இந்த ஞாயிறு வந்தால் வரட்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று. தம்பி புதிதாகக் கட்டம்போட்ட சட்டை எடுத்திருந்தான். அதைக் காட்டியபோது அவன் காது மடல்வரை சிவந்துபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் மேனேஜர் தன் ஹஸ்ஸிலோடு வந்து சேர்ந்தார்.

கோயம்புத்தூர்ப் பையன். வந்து ரெண்டாவது வாரம். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் போனில் நிறைய வீடியோ பார்ப்பார். யாரோ கோட்டுப் போட்ட ஆள் மேடையில் குதித்துக் குதித்து, தூங்காதே, உழை, ஓடு என்று கத்துகிற வீடியோ. அதைப் பார்த்துவிட்டு 'வாரம் ஒரு வார்த்தை' என்று ஒரு கூட்டம் ஆரம்பித்தார். ஒரு ஊக்கமான ஆங்கில வார்த்தையை எடுத்து, அதன் அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது என்று யாராவது ஒருவர் பேச வேண்டும். முதல் வார்த்தை ஹஸ்ஸில். பேச வேண்டியது நான்.

"ஏன் சார் நானு?" என்றேன்.

"நீங்கதானுங்க மேடம் டெய்லி இங்கிலீஷ்ல எழுதறீங்க."

கேட் பாஸில் நான் எழுதுகிற ஆங்கிலம் மொத்தம் ஐந்து வார்த்தை. இன், அவுட், எம்டி, டேமேஜ், சைன். இதை நம்பி ஒரு மனுஷன் என்னைப் பேச்சாளராக்கிவிட்டான். வயிற்றெரிச்சலோடு ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் தேடினேன். பக்கத்தில் நின்ற அம்மாளின் மீன் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி என் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது. அப்படித்தான் நான் ஆங்கிலம் ஆராய்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சிங்கத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். நான் எழுந்து நின்று கண்டுபிடித்ததைச் சொன்னேன். ஹஸ்ஸில் என்பது ஆங்கிலேயனின் சொந்த வார்த்தையே இல்லை, டச்சுக்காரனிடம் வாங்கினது.

"டச்சுக்காரனா?" என்றார் டாலி கிளார்க். "பழவேற்காட்ல கோட்ட கட்டிக்கினு இருந்தானே, அவனா? அப்ப நம்ப ஏரியா ஆளுதான்."

அவனேதான் என்றேன். டச்சில் அதற்கு முதல் அர்த்தம் குலுக்குவது. தொப்பியில் காசைப் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி ஆடுகிற ஒரு ஆட்டம் இருந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, காசுக்குப் பதிலாக ஆளைப் பிடித்து உலுக்குவது, இடித்துத் தள்ளுவது என்று ஆகியிருக்கிறது.

"அத்த நாங்க டெய்லி ட்ரெயின்லயே பண்றோமே," என்றான் ஒரு லோடுமேன்.

கூட்டத்தில் இடிக்கிற சாக்கில் பர்ஸ் அடிப்பதற்கும் அதே வார்த்தைதான் என்றேன். அதையும் ரயிலில் பார்த்திருக்கிறோம் என்று இன்னொருவன் சொன்னான். அப்புறம் அது அமெரிக்காவுக்குப் போய், அவசர அவசரமாக ஓடியாடி வேலை செய்வது என்று நல்ல பெயர் எடுத்துக்கொண்டது. ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. ஊரை ஏமாற்றிப் பிழைப்பதையும் இன்றைக்கும் அந்த வார்த்தையால் சொல்கிறார்கள். கடைசியில்தான் இந்தச் சிங்கம், போஸ்டர் எல்லாம் வந்தது. இப்படிச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

பர்ஸ் அடிப்பதும் ஏமாற்றுவதும் மேனேஜர் காதில் ஏறவில்லை. தொப்பியில் குலுக்குவதைப் பிடித்துக்கொண்டார். "தொப்பில போட்டுக் குலுக்கறதுங்களா? சூப்பருங்க. என்ன ஒரு ஹிஸ்டரிங்க," என்று கண் விரியக் கேட்டார்.

பாராட்டு வந்தால் எனக்கு வாய் நிற்காது. "இதுல இன்னா சார் அதிசயம்?" என்றேன். "ஞாயித்துக்கெழமைக்கு நாங்களே ஹெல்மெட்டுல சீட்டு போட்டுக் குலுக்கிக்கினுதான் கீறோம்."

குலுக்குவது விடுப்புக்கு என்று நான் சொல்லவில்லை. அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்தேன். அந்த மனுஷனோ, ஞாயிறு வேலை யாருக்குக் கிடைக்கும் என்று நாங்கள் போட்டி போட்டுக் குலுக்குகிறோம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

சாயங்காலம் நான் என் சீட்டை எழுதினேன். ஒன்பது என்று எழுதவில்லை. பதினேழு என்று எழுதினேன். யாரிடமும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காக ஒரு சீட்டு கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும், நண்டு எங்கே ஓடிவிடப்போகிறது. மடித்துப் போட்டேன். மற்றவர்களும் வந்து போட்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு திருட்டுச் சிரிப்பு இருந்ததை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கையில் எடுக்கவும் மேனேஜர் உள்ளே ஓடி வரவும் சரியாக இருந்தது. "நான் குலுக்கறேனுங்க," என்று பிடுங்கிக்கொண்டார். "ஒரு நல்ல நியூஸுங்க. கப்பல் லேட்டு. ஞாயித்துக்கிழமை ரெண்டே பேர் வந்தாப் போதும், மத்தவங்களுக்கு ரெஸ்ட்டுங்க. சீட்டுல வர்ற முதல் ரெண்டு பேர்தான் வேலைக்கு. அவங்கதான் நம்ம ஹஸ்ஸில் சாம்பியன்."

எடுக்கிற சீட்டுக்கு விடுப்பு என்பதை இவர் எடுக்கிற சீட்டுக்கு வேலை என்று திருப்பிவிட்டாரே. சூப்பர்வைசர்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் எதைச் சொல்வதற்கு முன்பும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற ஆள். அவர் கனைத்து முடிப்பதற்குள் முதல் சீட்டு வெளியே வந்துவிட்டது.

"பதினேழு. கங்கிராட்ஸுங்க."

தம்பியின் முகம் செத்துப்போனது. மேனேஜர் இரண்டாவது சீட்டை எடுத்தார். பதினேழு. புருவத்தைத் தூக்கினார். மூன்றாவது, பதினேழு. நான்காவது, பதினேழு. அடுத்ததும் பதினேழு, அதற்கடுத்ததும் பதினேழு. நான் மெதுவாகத் தலையைத் திருப்பி மற்றவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருத்தனும் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஐயோ, அத்தனை பேரும் என்னைப் போலவே செய்து தொலைத்திருக்கிறார்கள். ஒரு சீட்டு மட்டும் எடுத்துவிட்டு மீதியை அடுப்பில் போடுகிற வழக்கத்தை நம்பிச் செய்த வேலை. வழக்கம் எங்களைக் கைவிட்டுவிட்டது.

கடைசிச் சீட்டைப் பிரித்தார். "ஒன்பது. மேடம், நீங்களுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

மேனேஜர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, நிஜமாகவே மனம் நொந்துபோய்ச் சொன்னார். "இவர் ஒருத்தரே ஆறு சீட்டுப் போட்டிருக்காருங்க. மேடம் ஒண்ணு போட்டிருக்காங்க. நீங்கல்லாம் ஒண்ணுகூடப் போடலைங்களா?" சூப்பர்வைசர் அப்போதுதான் கனைத்து முடித்திருந்தார். மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

மேனேஜர் போனதும் லோடுமேன் ஒருவன் என்னிடம் வந்தான். "இன்னாக்கா, அவன் கல்யாணத்த வுட ஒனக்கு நண்டு பெர்சா பூட்ச்சா?"

"நான் எழுதலடா. நானும் பதினேழுதான் எழுதினேன்."

"ஒம்போது ஒன் நம்பருதான?"

"ஆமா."

"அப்பால?"

சத்தியம் செய்தேன், கத்தினேன், மேசையைத் தட்டினேன். ஒருத்தனும் நம்பவில்லை. டீக்கடைக்காரர்கூட அன்று எனக்கு முக்கால் கிளாஸ்தான் ஊற்றினார். சேதி அதற்குள் அங்கே போய்விட்டது. ஃபோர்க்லிஃப்ட் தம்பி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவனுக்கும் என்மேல் கோபம் என்றே நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டாலி கிளார்க் மட்டும் மேனேஜரிடம் போய், தம்பிக்குப் பதிலாகத் தான் வருவதாகச் சொல்லிப் பார்த்தார். "ஆறு சீட்டுப் போட்டவரோட ஆர்வத்த நாம கெடுக்கக் கூடாதுங்க" என்று பதில் வந்தது. மேலும் டாலி கிளார்க்குக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது. சைக்கிளே சுமார்தான்.

சனிக்கிழமை காலை நான் தம்பியிடம் போனேன். கோபமாக இருந்தால் இருக்கட்டும், கல்யாணம் கெடலாமா. "நீயே போய் மேனேஜராண்ட நெசத்த சொல்லு," என்றேன்.

அவன் தரையைப் பார்த்தபடி, "வேணாக்கா," என்றான். "எனக்கோசரம் எழுதினாங்க. சொன்னா ஆறு பேரும் மாட்டிப்பாங்க." ஆறு பேர் என்று அவன் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. தலைக்குமேல் கோபம் இருந்தால் கணக்கு எங்கே ஓடும்.

சரி, பெண் வீட்டுக்காவது தகவல் சொல்ல வேண்டும். அவனால் பேச முடியாது. அவன் அக்காவிடம் நம்பரை வாங்கி நானே போட்டேன். பெண்ணே எடுத்தாள். பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

"அவரு வர முடியலியா, வர இஷ்டம் இல்லியா? ரெண்டுல இன்னான்னு சொல்லுக்கா."

"முடியலம்மா. டூட்டி போட்டுட்டாங்க."

"டூட்டி எங்க?"

"யார்டுல."

"யார்டு எங்க கீது?"

சொன்னேன். அந்தப் பக்கம் யாரிடமோ வஞ்சிரத்துக்கு விலை சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள். "எங்க குப்பத்துலேர்ந்து ஒரே ஆட்டோதான். நாங்க வர்றோம். பூ, பழம்லாம் வாங்கியாச்சு, வெச்சா அழுவிடும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பக்கமும் கண்டெய்னர் அடுக்கி நடுவில் ஈ காக்கை இல்லாத யார்டின் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெண், பெண்ணின் அம்மா, மாமா. பெண் மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். வாட்ச்மேன் வழிமறித்தார். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார், அதில் நான் பழக்கிவைத்த ஆள். பாஸில் வருகைக் காரணம் என்ற இடத்தில் டெலிவரி, சர்வே, இன்ஸ்பெக்ஷன் என்று மூன்றுதான் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷனை டிக் செய்தேன். தப்பு ஒன்றும் இல்லையே. பழத்தட்டைக் காட்டி வாட்ச்மேன், "இது உள்ள வர்ற மெட்டீரியல். வெளிய போறப்ப திரும்பி வருமா?" என்று கேட்டார். தட்டு திரும்பி வரும், பழம் வராது என்று தனிச் சீட்டு போட்டுக் கொடுத்தேன்.

உள்ளே வருகிற யாராக இருந்தாலும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். பெண்ணின் அம்மா பூவை எடுக்க விடவில்லை, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பூவை எடுப்பதா என்றாள். அதனால் பூவுக்குமேல் ஹெல்மெட் உட்கார்ந்து ஆடியது. பட்டுப்புடவை, ஆரஞ்சு ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட். அந்தக் கோலத்திலும் அவள் நடந்து வந்ததைப் பார்த்தால் யார்டை விலைக்கு வாங்க வந்தவள் மாதிரிதான் இருந்தது.

தம்பி ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருந்தான். கட்டம்போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இறங்கவும் மறந்து, கும்பிடவும் மறந்து, ஹாரனை அடித்துவிட்டான்.

நான் நாற்காலி போட்டேன். மாமா ஃபோர்க்லிஃப்டை ஒரு சுற்று சுற்றி வந்து, "வண்டி சொந்தமா?" என்றார். தம்பி இல்லை என்று தலையாட்டினான். "மைலேஜ் இன்னா குடுக்கும்?" அதற்கும் தலையாட்டினான்.

"பேச மாட்டாரா?" என்று பெண் என்னைக் கேட்டாள்.

"பேசுவான்மா. கொஞ்சம் நேரமாவும்."

"நாங்க சாயங்காலம் வரைக்கும் இருப்போம்," என்றாள் அவள்.

டீ கொடுக்க வேண்டுமே. வாசல் கடையிலிருந்து நான்கு கிளாஸ் டீ வந்தது. நான் எடுக்கப் போனால் தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். ஒரு மரப் பலகையின்மேல் டீ கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஃபோர்க்லிஃப்டின் கையில் தூக்கி, ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். ஷெட்டுத் தரை அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும், அத்தனையையும் தாண்டி வந்து, அவள் மடிக்கு நேராகப் பலகையை இறக்கி நிறுத்தினான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தாள். அப்பாடா என்று நானும் ஒரு கிளாஸை எடுத்தேன்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். கையில் கேமராவும், சிங்கப் படம் போட்ட ஒரு சர்டிபிகேட்டும். ஹஸ்ஸில் சாம்பியனைப் படம் பிடிக்க வந்திருக்கிறார். விருந்தாளிகளைப் பார்த்து யார் என்று கேட்டார். தம்பியின் உறவுக்காரர்கள் என்று மட்டும் நான் சொன்னேன். போதாதா, மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பையன் தங்கமுங்க. ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரணும்னு ஒருத்தரே ஆறு சீட்டுப் போட்டாருங்க. யாருமே வர இஷ்டப்படல, இவர் மட்டும் ஆசப்பட்டு வந்தாருங்க."

பெண் டீ கிளாஸைப் பலகையில் வைத்தாள்.

"ஆசப்பட்டு வந்தீங்களா?" என்று தம்பியைக் கேட்டாள். "நான் வரச் சொன்ன நாள்ல, வேல வேணும்னு ஆறு சீட்டு போட்டீங்களா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். சொன்னால் நாங்கள் மாட்டுவோம். சொல்லாவிட்டால் அவள் எழுந்துவிடுவாள். அவள் அம்மா அதற்குள் எழுந்தே விட்டாள், பழத்தட்டில் கை வைத்துவிட்டாள். அந்த மடையன் எங்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"இன்னா சார் பேசற நீ?" என்றேன் மேனேஜரைப் பார்த்து. மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "அவன் வேலைக்கு ஆசப்பட்டானா? அந்த ஹெல்மெட்டு வேலைக்கு இல்ல சார், லீவுக்கு. இவனுக்குப் பொண்ணு பாக்க லீவு கெடைக்கட்டும்னு அவனவன் தன் நம்பர வுட்டுட்டு இவன் நம்பர எழுதிப் போட்டான். நீ வந்து மாத்திட்ட. போ, எல்லாரையும் வேலைய வுட்டுத் தூக்கணும்னா தூக்கு."

மேனேஜர் கேமராவைக் கீழே இறக்கினார். "பொண்ணு பாக்கறதுங்களா?" என்று பெண்ணின் ஹெல்மெட்டை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "அய்யய்யோ" என்று சர்டிபிகேட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

மீன் கடைக்காரிக்குக் கணக்கு தப்பாது. "நீங்க எத்தினி பேரு?" என்று என்னைக் கேட்டாள்.

"இவனோட சேத்து ஏழு."

"பதினேழு எத்தினி வந்துச்சு?"

"ஆறு. ஏழாவது ஒம்போது. என் நம்பரு. ஆனா நான் எழுதலம்மா, சத்தியமா நானும் பதினேழுதான் எழுதினேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். 'நீங்க' போய் 'நீ' வந்தது.

"நீ இன்னா எழுதின?"

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒம்போது."

"ஏண்டா?" என்றேன்.

"பொண்ணு பாக்க லீவு வேணும்னு எனக்கு நானே எழுதிக்க வெக்கமா இருந்துச்சுக்கா. நீ நண்டு துன்னு ரொம்ப நாளாச்சுன்னு சொல்லிக்கினே இருந்தியா. சரி, ஒனக்காவது வரட்டும்னு போட்டேன். அப்பால எல்லாரும் உன்னத் திட்டினாங்க. சொல்லலாம்னுதான் வந்தேன். ஏன் மாத்தி எழுதினன்னு கேப்பீங்களே. அதுக்கும் வெக்கமா இருந்துச்சு."

இதுதான் அவன் பேசி நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு. இரண்டு நாளாக இவனால் நான் பட்ட பாடு என்ன, முக்கால் கிளாஸ் டீ என்ன. நாலு அறை விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்து, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. தன் கல்யாணத்துக்கு இருந்த ஒரே சீட்டை என் நண்டுக்கு எழுதிப் போட்ட பையனை என்னவென்று திட்டுவது. மாமா ஆறிப்போன டீயை உறிஞ்சினார்.

பெண் எழுந்தாள். கிளம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் அம்மாவின் கையிலிருந்து பழத்தட்டை வாங்கி, ஃபோர்க்லிஃப்டின் பலகையில், டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த ஹெல்மெட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி என்னிடம் வந்தாள்.

"அழாதக்கா," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழம நீ நெட்டுக்குப்பம் வா. லீவ இந்த சாரு குடுப்பாரு. முழு நண்டா ஒனக்கு நான் ஆக்கிப் போடறேன். வர்றப்ப எங்க வூட்டு மாப்புளயையும் கையோட இட்டுகினு வா. தனியா வரச் சொன்னா, வெக்கப்பட்டுகினு பாதி வழில நின்னுடும்."